வக்கீல் திண்ணை: சபாநாயகர் நம்மைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

பட்டா, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இம்முறை தபால் பையைக் கொட்டியதும் வந்து விழுந்தவற்றில் பெரும்பாலானவை சட்டமன்ற உரிமை மீறல், அதாவது அவைக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள தனி உரிமைகளை மீறுவது, பற்றியவை.

எங்கள் தெருச் சாக்கடையைப் படம் எடுத்து முகநூலில் போட்டு, தொகுதி எம்.எல்.ஏ.வைப் பெயர் சொல்லித் திட்டியும் எழுதினேன். கட்சிக்காரர் ஒருவர் போன் செய்து, "உரிமை மீறல் கொண்டுவந்து உள்ளே தள்ளிவிடுவோம்" என்கிறார். வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். முடியுமா?
*— மளிகைக் கடைக்காரர், அருப்புக்கோட்டை*

போன் செய்தவர் சட்டம் படித்துவிட்டுப் பேசியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்ன ஆயுதம் பொம்மைத் துப்பாக்கியும் அல்ல. அரசியலமைப்பின் 194வது பிரிவு, மூன்றாம் உட்பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. நாடாளுமன்றத்துக்கு 105. போலீஸ் வழக்கு, குற்றப்பத்திரிகை, மாஜிஸ்திரேட் எதுவும் வேண்டாம். அவை தீர்மானம் போட்டு, சபாநாயகர் வாரண்டில் கையெழுத்திட்டால் ஆளைப் பிடித்துச் சிறையில் அடைக்கலாம்.

அதற்கு முன் சில படிகள் உண்டு. உறுப்பினர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதில் முகாந்திரம் இருக்கிறதா என்று சபாநாயகர் பார்ப்பார். இருக்கிறது என்றால் உரிமைக் குழுவுக்குப் போகும். குழு உங்களிடம் விளக்கம் கேட்கும், நேரிலும் கூப்பிடலாம். அறிக்கை அவைக்கு வரும், அவை முடிவெடுக்கும். பெரும்பாலானவை குழுவோடு உறங்கிவிடும். வருத்தம் தெரிவித்தால் முடிந்துபோவது மிச்சம்.

உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நீங்கள் எழுதியது, அவர் சட்டமன்ற உறுப்பினராக அவையில் செய்யும் வேலையைப் பற்றியதா? சாக்கடையைத் தூர்வாரவில்லை என்று திட்டுவது அதில் வராது. அவமானம் என்று அவர் நினைத்தால் எல்லோரையும் போல அவதூறு வழக்குப் போட்டுக்கொள்ளட்டும். "காசு வாங்கிக்கொண்டு சட்டசபையில் கேள்வி கேட்கிறார்" என்று நீங்கள் எழுதியிருந்தால் கதை வேறு. எழுதியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சட்டமன்றச் செயலகத்திலிருந்து உண்மையிலேயே நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போட வேண்டாம். கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். போனில் மிரட்டியவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

1987இல் ஒரு வார இதழின் ஆசிரியர் நகைச்சுவைத் துணுக்குக்காக மூன்று மாதம் சிறையில் இருந்தார் என்கிறார் என் மாமனார். ஒரே நாளில் விட்டுவிட்டார்கள் என்கிறார் அவருடைய தம்பி. வீட்டில் சண்டை ஓயவில்லை.
*— குடும்பத் தலைவி, மன்னார்குடி*

இருவருமே பாதி சரி அம்மா. ஆனந்த விகடன் 29.3.1987 இதழின் அட்டையில் ஒரு துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. இந்த ரகத் துணுக்கு அந்தக் காலத்தில் வாராவாரம் வரும். படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோம்.

சட்டமன்றம் புரட்டவில்லை. எம்.ஜி.ஆர். முதலமைச்சர். சபாநாயகர் பி.எச்.பாண்டியன், தம் பதவிக்கு "வானளாவிய அதிகாரம்" உண்டு என்று சொன்னவர். அந்தச் சொற்றொடர் இன்றுவரை நம் மேடைகளில் உலவுகிறது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரல் 4ஆம் தேதி அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். வெறுங்காவல்கூட இல்லை, கவனியுங்கள். ஒரு துணுக்குக்குக் கடுங்காவல்!

நாடு முழுவதும் பத்திரிகைகள் பொங்கி எழுந்ததில் ஓரிரு நாளில் அவரை வெளியே விட்டுவிட்டார்கள். ஆகவே தண்டனைக் கணக்கில் உங்கள் மாமனார் ஜெயித்தார், அனுபவித்த கணக்கில் அவர் தம்பி. ஆனால் விடுதலையோடு அந்த ஆசிரியர் ஓயவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கைது செல்லாது என்று வழக்குத் தொடர்ந்தார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த ஆயிரத்தைச் செலவழிக்காமல் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டிவைத்தார்.

சட்டமன்றம் தண்டித்தால் கோர்ட்டுக்குப் போக முடியுமா? இரண்டில் எது பெரியது?
*— சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி*

தம்பி, இது உங்கள் பாடத்தில் "கேசவ் சிங் வழக்கு, 1964" என்று ஒற்றை வரியில் இருக்கும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தக் கதையை முழுவதும் தெரிந்துகொள்ளாமல் கறுப்பு அங்கி போடாதீர்கள்.

கேசவ் சிங் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரைச் சேர்ந்தவர், சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அந்த ஊர்க் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஊழல் செய்கிறார் என்று இன்னும் சிலரோடு சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். அவை அதை உரிமை மீறல் என்று முடிவு செய்து, லக்னோவுக்கு வந்து கண்டனம் வாங்கிக்கொள்ளச் சொன்னது. மற்றவர்கள் போய் வாங்கிக்கொண்டார்கள். கேசவ் சிங் போகவில்லை. காரணம் கேட்டதற்கு, லக்னோ போக ரயில் கட்டணத்துக்குக் காசு இல்லை என்றார்.

அவை வாரண்ட் போட்டு அவரைப் பிடித்துவந்தது. 1964 மார்ச் 14. சபாநாயகர் பெயர் கேட்கிறார். கேசவ் சிங் வாய் திறக்கவில்லை. சபாநாயகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அதற்கு முன்பே ஒரு கடிதமும் எழுதியிருந்தார். பிரசுரத்தில் உள்ளது அத்தனையும் உண்மை, நீங்கள் அனுப்பியது நாதிர் ஷா வாரண்ட் என்று. டெல்லியைச் சூறையாடிய அதே நாதிர் ஷாதான். முதலமைச்சர் சுசேதா கிருபளானி தீர்மானம் கொண்டுவர, ஏழு நாள் சிறை.

ஐந்து நாள் கழித்து, சாலமன் என்ற வக்கீல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். நீதிபதிகள் பேக், சகால் இருவரும் கேசவ் சிங்கை ஜாமீனில் விட்டார்கள். இங்கேதான் அவைக்குத் தலைகால் புரியாமல் போனது. மார்ச் 21ஆம் தேதி ஒரு தீர்மானம்: கேசவ் சிங், வக்கீல் சாலமன், இரண்டு நீதிபதிகள், நான்கு பேரும் அவையை அவமதித்தவர்கள். கேசவ் சிங் மிச்சத் தண்டனையை அனுபவிக்க வேண்டும். நீதிபதிகளையும் வக்கீலையும் காவலில் பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் காவலில் கொண்டுவருவது! அவர்கள் தங்கள் நீதிமன்றத்துக்கே மனுதாரர்களாகப் போனார்கள். அலகாபாத்தில் 28 நீதிபதிகள் ஒரே அமர்வாக உட்கார்ந்து தீர்மானத்துக்குத் தடை விதித்தார்கள். அத்தனை பேருக்கும் நாற்காலி எப்படிப் போட்டார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவை கொஞ்சம் இறங்கிவந்து, பிடித்துவர வேண்டாம், வந்து விளக்கம் சொன்னால் போதும் என்றது. அதற்குள் விஷயம் டெல்லிக்குப் போய்விட்டது. மார்ச் 26ஆம் தேதி குடியரசுத் தலைவர் 143வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

கஜேந்திரகட்கர் தலைமையில் ஏழு நீதிபதிகள். செப்டம்பர் 30ஆம் தேதி, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் கருத்துச் சொன்னார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு, தான் போட்ட வாரண்டை யாரும் கேள்வி கேட்க முடியாது என்ற உரிமை இருக்கலாம். அது பழைய காலத்தில் அங்கே நாடாளுமன்றமே நீதிமன்றமாக இருந்ததன் மிச்சம். நம் சட்டமன்றங்கள் அப்படிப் பிறந்தவை அல்ல. இங்கே எல்லோருக்கும் மேலே எழுதப்பட்ட அரசியலமைப்பு இருக்கிறது. குடிமகனின் உரிமை பாதிக்கப்பட்டதாக மனு வந்தால் உயர் நீதிமன்றம் பார்க்கலாம். பார்த்த நீதிபதியை அவை தண்டிக்க முடியாது.

ஆகவே கோர்ட்டுக்குப் போகலாம். 2007இல் ராஜாராம் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்துச் சொன்னது. நம் ஊரிலேயே, 2015இல் சட்டமன்றத்தில் நடந்த அமளிக்காகத் தேமுதிக உறுப்பினர்கள் ஆறு பேரைத் தண்டித்தபோது, ஆதாரமாகக் காட்டிய வீடியோவை அவர்களுக்குக் கொடுத்து விளக்கம் கேட்கவில்லை என்ற காரணத்தால் அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

கேசவ் சிங் என்ன ஆனார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது. 1965இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருடைய மூல மனுவை விசாரித்து, தண்டிக்க அவைக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. நீதிபதிகள் தப்பினார்கள், வக்கீல் தப்பினார், நாட்டுக்கு ஒரு பெரிய தீர்ப்புக் கிடைத்தது. ரயிலுக்குக் காசில்லாதவருக்கு மட்டும் மிச்ச ஜெயில்.

சட்டமன்றத்தில் பேசி, பிறகு அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டதை நாங்கள் அச்சிடலாமா? நேரலையில் ஊரே கேட்டுவிட்டதே.
*— வார இதழ் நிருபர், சேலம்*

அச்சிடாதீர்கள். நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் சட்டம் நேரலைக்கு முந்தையது. பாட்னாவின் 'சர்ச்லைட்' பத்திரிகை 1957 மே மாதம் இதைத்தான் செய்தது. பீகார் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் முதலமைச்சரை விளாசினார். சபாநாயகர் அதில் ஒரு பகுதியை நீக்கினார். மறுநாள் பத்திரிகையில் எல்லாம் வந்துவிட்டது. ஆசிரியர் சர்மா உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். நான்கு நீதிபதிகள் அவைக்கு ஆதரவு. சுப்பாராவ் மட்டும் பேச்சுரிமையின் பக்கம் நின்றார். அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைத்தான் நான் இன்றும் எடுத்துப் படிக்கிறேன்.

நீக்கப்படாத பகுதியை உள்ளபடி, கெட்ட நோக்கமில்லாமல் வெளியிட்டால் அரசியலமைப்பின் 361ஏ பிரிவு உங்களைக் காப்பாற்றும். உள்ளபடி என்பதில்தான் ஜாக்கிரதை தேவை. 2003இல் 'தி இந்து' மாட்டியது, அவையில் நடந்ததை எப்படி வருணித்தது என்பதற்காக. முதலமைச்சர் ஜெயலலிதா கொதித்தார், குரலை உயர்த்தினார் என்ற பொருளில் செய்திகளில் வந்த சொற்களும், சகிப்பின்மை வளர்கிறது என்று எழுதிய தலையங்கமும் குற்றமாயின. அந்தத் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டதற்காக 'முரசொலி' ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். நவம்பர் 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆறு பேருக்குப் பதினைந்து நாள் வெறுங்காவல். போலீஸ் அன்றே அண்ணா சாலை அலுவலகத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. "குரலை உயர்த்தினார்" என்று எழுதக் கூடாது என்றால் சட்டமன்றச் செய்தியை எப்படித்தான் எழுதுவது? "பேசினார்" என்ற ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டா?

ஒரு நாள் சிறை என்று செய்தி படித்தேன். இது என்ன கேலிக்கூத்து?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், பொள்ளாச்சி*

நீங்கள் படித்தது 2023 மார்ச் மாத உத்தரப் பிரதேசச் செய்தியாக இருக்கும். 2004இல் கான்பூரில் மின்வெட்டை எதிர்த்து ஊர்வலம் போன எம்.எல்.ஏ.வைத் தடியடியில் காலை உடைத்த வழக்கு. பத்தொன்பது ஆண்டு ஊறிய பிறகு, போலீஸ்காரர்கள் ஆறு பேரை அவைக்கு வரவழைத்து, நள்ளிரவு வரை சிறை என்று தீர்மானித்து, சட்டமன்ற வளாகத்திலேயே ஓர் அறையில் அடைத்தார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போனார்கள்.

கேலிக்கூத்து என்று நான் சொல்ல மாட்டேன். எம்.எல்.ஏ.வின் காலை உடைத்தது துணுக்கு எழுதுவது போன்ற விஷயம் அல்லவே. என் குறை வேறு. ஒரே அதிகாரம். லக்னோவில் நள்ளிரவு வரை. பெங்களூரில் 2017ஆம் ஆண்டு கன்னடப் பத்திரிகை ஆசிரியர்கள் இருவருக்கு ஓராண்டு, கூடவே பத்தாயிரம் ரூபாய் அபராதம். 1978 டிசம்பரில் இந்திரா காந்தியை மக்களவை, உறுப்பினர் பதவியிலிருந்தும் நீக்கி, அந்தக் கூட்டத்தொடர் முடியும் வரை திகாரில் வைத்தது. ஒரு வாரத்தில் வெளியே வந்தார், 1980 ஜனவரியில் மீண்டும் பிரதமரானார், அடுத்த மக்களவை அந்தத் தீர்மானத்தையே அழித்தது. எந்தத் தவறுக்கு எத்தனை நாள் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. முச்சந்தியில் சிகப்பு விளக்கைத் தாண்டியவனுக்குக்கூட இவ்வளவு அபராதம் என்று பட்டியல் இருக்கிறது.

ஏன் சட்டமாக எழுதிவைக்கவில்லை? இங்கிலாந்தைப் பார்த்துத்தானே இதெல்லாம்? அங்கே எப்படி?
*— வங்கி ஊழியர், நாகர்கோவில்*

1949இல் அரசியல் நிர்ணய சபையிலேயே இந்தக் கேள்வி வந்தது. நம் உரிமைகளுக்கு எதற்குக் காமன்ஸ் சபையைப் பார்க்க வேண்டும் என்று எச்.வி.காமத் ஆட்சேபித்தார். நம் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பதில் சொன்னார். விரிவாக எழுத இப்போது நேரமில்லை, பிறகு நாடாளுமன்றமே எழுதிக்கொள்ளட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தப் "பிறகு" எழுபத்தைந்து ஆண்டு தாண்டியும் வரவில்லை. அதுவரை காமன்ஸ் சபைக்கு உள்ள உரிமைகளே நமக்கும் என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தார்கள். 1978இல் 44வது திருத்தம் அந்தச் சபையின் பெயரை மட்டும் நீக்கியது. சரக்கு அதேதான்.

ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. சர்ச்லைட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தது. சட்டமன்றம் இதைச் சட்டமாக இயற்றினால் அந்தச் சட்டம் அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தத் தொல்லை குறைவு. 2002இல், அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையம் எழுதிவையுங்கள் என்று பரிந்துரைத்தது. நாடாளுமன்ற உரிமைக் குழு அதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்கிறவர்கள் இதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.

இங்கிலாந்தில் அந்த அதிகாரம் காகிதத்தில் இருக்கிறது. காமன்ஸ் கடைசியாக அபராதம் போட்டது 1666இல். கடைசியாக ஆளை அடைத்தது 1880இல். எம்.பி. பிராட்லாவை மணிக்கூண்டு அறையில் ஓர் இரவு வைத்திருந்தார்கள். 1957இல், பெட்ரோல் ரேஷனில் எம்.பி.க்களுக்குச் சலுகை என்று எழுதிய 'சண்டே எக்ஸ்பிரஸ்' ஆசிரியரை அவைக்கு வரவழைத்தார்கள். அவர் வருத்தம் தெரிவித்தார், அத்தோடு முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் 1955இல் பத்திரிகை உரிமையாளர் ஒருவரையும் ஆசிரியர் ஒருவரையும் மூன்று மாதம் உள்ளே வைத்தார்கள். அந்த உறுத்தல் அவர்களை விடவில்லை. பின்னர் ஒரு சட்டம் இயற்றினார்கள். சிறை ஆறு மாதத்துக்கு மேல் கூடாது, தனிநபருக்கு அபராதம் ஐயாயிரம் டாலருக்கு மேல் கூடாது, அவையையோ உறுப்பினரையோ விமர்சித்தார், இழித்துச் சொன்னார் என்பதற்காக மட்டும் வெளியாளைத் தண்டிக்கவே கூடாது. சட்டம் வந்த ஆண்டு 1987. நாம் இங்கே துணுக்குக்குக் கடுங்காவல் விதித்த அதே ஆண்டு.

துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுக்கும் அச்சகம் வைத்திருக்கிறேன். எழுதியவர் மாட்டினால் நானும் மாட்டுவேனா?
*— அச்சக உரிமையாளர், சிவகாசி*

மாட்டலாம். 2003இல் தண்டிக்கப்பட்டவர்களில் பதிப்பாளரும் உண்டு. எழுத்துப் பிரதியில் கொடுத்தவரின் கையெழுத்து, முகவரி, தேதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். அச்சகத்தின் பெயரைப் போடாமல் எதையும் அடித்துக் கொடுக்காதீர்கள், எவ்வளவு வேண்டிய கட்சிக்காரர் கேட்டாலும் சரி. தேர்தல் நேரமென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி, கொடுப்பவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும். அதில் அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்த பிறகு அதன் நகலையும் பிரசுரத்தின் ஒரு பிரதியையும் மாநிலத் தலைநகர் என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், மற்ற ஊர் என்றால் மாவட்டக் கலெக்டருக்கும் அனுப்ப வேண்டும். "அண்ணாச்சி, நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன், இன்றைக்கு அடித்துக் கொடுங்கள்" என்று வருகிறவருக்கு நாளைக்கே அடித்துக் கொடுங்கள்.